இரவு ஒன்பது மணிக்குப் பின் எங்கள் ஒழுங்கையில் கொங்கிறீட் வேலையை நிறுத்தித் தருமாறு கோரும் மனு

மாநகர ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

2025 ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வசிக்கும் 34 குடும்பங்கள் சார்பாக இம்மனுவை எழுதுகிறேன். ஒழுங்கையின் பெயரும் கையொப்பங்களும் இணைப்பில் உள்ளன.

எங்கள் ஒழுங்கையின் நடுவில் இருந்த பழைய வீடொன்றை இடித்துவிட்டு 11 மாடித் தொடர்மாடி ஒன்றை எழுப்புகிறார்கள். அதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்களில் பாதிப்பேர் அப்படி எழும்பிய தொடர்மாடிகளில்தான் குடியிருக்கிறோம். அவை எழும்பிய காலத்தில் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பகலில் என்ன சத்தம் வந்தாலும் நாங்களும் பொறுப்போம். எங்கள் முறைப்பாடு இரவைப் பற்றியது மட்டும்.

மாதத்தில் ஆறேழு இரவுகள், பத்து மணி கடந்த பிறகு மிக்ஸர் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒழுங்கை ஒரு லொறிக்கே மட்டுமட்டு. உள்ளே திருப்ப இடமில்லாததால் காலி வீதியிலிருந்தே ரிவர்ஸில் இறங்க வேண்டும்; இறங்கும் தூரம் முழுக்க அந்தப் 'பீப் பீப்'. அதன்பிறகு பம்ப். அதற்கும் பிறகு, ஊற்றிய கொங்கிறீட்டை இறுக்குவதற்கு உள்ளே விடும் அதிர்வுக் கருவி. கடைசி லொறி போகும்போது விடியப்புறம் மூன்று, மூன்றரை ஆகிவிடும்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு தேநீர்க் கோப்பைகள். முதல் தடவை இரவில் கொங்கிறீட் போட்டபோது அந்தக் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டி கிணுகிணுவென்று சத்தம் வந்தது. வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று என் மனைவி டோர்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஒருவரும் இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் கோப்பைகள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் பழைய பேப்பரை நான்காக மடித்துச் செருகி வைத்திருக்கிறார். விருந்தினர் வந்தால் பேப்பரை எடுத்துவிட்டுத்தான் தேநீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

சத்தமே ஆகாதவர்கள் நாங்கள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. கரையோர ரயில் எங்கள் கட்டிலுக்குக் கீழே ஓடுவது போலத்தான் ஓடும். அதிகாலையில் பாங்கு கேட்கும், கொஞ்சம் கழித்துக் கோயில் மணி கேட்கும், பிறகு வீதி வீதியாகப் பாண் விற்கும் 'சூன் பாண்' ஓட்டோ அதே பழைய மெட்டோடு வரும். ரயில் ஓடாத நாளில்தான் தூக்கம் கலையும் என்று எதிர்வீட்டு அன்ரி சொல்வார். இவற்றுக்கெல்லாம் ஒரு நேரம் இருக்கிறது; எப்போது வரும், எப்போது ஓயும் என்று தெரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. 1997 முதல் 2018 வரை அபுதாபி எமிரேட்டில், ஓமான் எல்லையோரமுள்ள அல் ஐன் நகரின் புறநகர்ப் பகுதியொன்றில் குடும்பத்தோடு இருந்தேன், கணக்காளர் வேலை. கோடையில் 45 பாகைக்கு மேல் சுடும் பாலைவன ஊர் அது. தெற்கே ஜெபல் ஹபீத் மலை, அந்தப் பக்கம் பார்த்தால் மணல்மேடு. கட்டடங்களை உயர விடமாட்டார்கள். எங்கள் தெருவில் எல்லாம் ஒரு மாடி, இரண்டு மாடி வில்லாக்கள். இரவில் ஏ.சி. இயந்திரங்களின் முனகலைத் தவிர வேறெதுவும் கேட்காது. அந்த முனகலும் பழகிவிடும். ஒருநாள் மின்சாரம் நின்று அது ஓய்ந்தபோது தெருவே விழித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது!

அந்த அமைதி பாலைவனம் கொடுத்ததென்று முதலில் நினைத்திருந்தேன். எங்களுக்கு நேரெதிரே ஒரு வில்லா கட்டத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மாலையானால் வேலை நின்றுவிடும். கோடையில் மட்டும் ஒரு சிக்கல். அந்த வெயிலில் பகலில் கொங்கிறீட் ஊற்றினால் சரியாக இறுகுமுன்னே காய்ந்து வெடிக்கும். ஆகவே கலவைக்குள் ஐஸ் போட்டு இரவில்தான் ஊற்றுவார்கள். கூரைத் தட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்னே ஃபோர்மன் வீடு வீடாக வந்து மணியடித்துச் சொன்னார். மதிலில் அரபு, ஆங்கிலம், உருது மூன்றிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்த இரவு, எத்தனை மணி வரை, யாரை அழைப்பது. ஒரே ஓர் இரவு. நாங்கள் பிள்ளைகளை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்; முடிந்தது. அங்கே கோடையில், ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கவும் தடை. அந்த நேரத்தில் வேலையாட்கள் பலகை நிழலில் படுத்து உறங்குவதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

அந்த ஊரை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. ஆளுயர மதிலுக்குள் வாழ்ந்தோம். பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பார்க்கவே இரண்டு வருடம் சென்றது. எனக்கு வெள்ளவத்தைதான் வேண்டும், ஆகவேதான் திரும்பி வந்தேன். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வது, சொன்ன நேரத்தில் நிறுத்துவது, இந்த இரண்டும் இங்கே முடியாத காரியமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே 23ஆம் திகதிய 924/12 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாகியுள்ளன. கட்டட வேலைக்குக் காலை 6 மணி முதல் இரவு 9 மணிவரை 75 டெசிபல், அதற்குப் பின் விடியும்வரை 50 டெசிபல் என்பது அவற்றில் உள்ள எல்லை. என் கைத்தொலைபேசியில் மகன் போட்டுத் தந்த செயலி, எங்கள் படுக்கையறை ஜன்னலில் இரவு 11.40க்கு 78 காட்டியது. கைத்தொலைபேசி அளவீடு சட்டத்தில் செல்லாது என்பதை அறிவேன். ஆகவேதான் செல்லுபடியாகும் கருவியோடு ஓர் உத்தியோகத்தரை அனுப்புங்கள் என்று கேட்கிறோம். ஆனால் பகல் பதினொரு மணிக்கல்ல, இரவு பதினொரு மணிக்கு.

பேசிப் பார்க்காமல் எழுதவில்லை. வேலைத்தளப் பொறுப்பாளரிடம் மூன்று தடவை போனோம். பகலில் காலி வீதி நெரிசலில் லொறி அகப்பட்டால் கலவை இறுகிப் போகும், ஊற்றத் தொடங்கினால் இடையில் நிறுத்தவும் முடியாது என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீதி வெறிச்சோடித்தானே கிடக்கிறது? அப்போது தொடங்கினால் மாலைக்குள் ஒரு தட்டு முடிந்துவிடும். இதைச் சொன்னபோது சிரித்தார். ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினோம். நான்கு கிழமை கழித்து சிங்களத்தில் மட்டும் இரண்டு வரிப் பதில் வந்தது, கடிதம் கிடைத்ததாக.

எங்கள் ஒழுங்கையில் இவ்வருடம் நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஐவர். ஒரு பிள்ளை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறையில் கதிரை போட்டுப் படிக்கிறாள், தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரே இடம் அதுதான் என்பதால். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே நின்று விடிய விடியக் குழாயைப் பிடிக்கிறவர்களும் எங்கள் பிள்ளைகளே. மட்டக்களப்பு, பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மூன்றரைக்குப் படுத்து எட்டு மணிக்கு மறுபடி ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டதை நானே பார்த்தேன்.

ஆகவே, இரவு 9 மணிக்குப் பின் கொங்கிறீட் லொறிகளும் பம்பும் இயங்காதவாறு அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை சேர்த்து அதை நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவிர்க்கவே முடியாத இரவு ஒன்றிரண்டு வரலாம். அதற்கு மூன்று நாள் முன்னறிவித்தல், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்பட வேண்டும். அனுமதி இலக்கமும் இரவில் பதிலளிக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை ஒழுங்கை முகப்பில் நிற்க வேண்டும். தற்போதைய அனுமதியின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கோரியுள்ளோம்.

சின்னதாக ஒன்று. ஒழுங்கை முகப்பில் நிற்கும் வேப்பமரத்தின் கிளைகளை, பம்ப்பின் கை உள்ளே வருவதற்காக ஒரு பக்கமாக வெட்டியிருக்கிறார்கள். அல் ஐனில் தெருவோர வேம்பு ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்புக் குழாய் ஓடும். சொட்டுச் சொட்டாக நீர் விட்டுத்தான் அதை உயிரோடு வைத்திருப்பார்கள். இங்கே ஒருவரும் ஊற்றாமலே வளர்ந்த மரம். மிச்சமுள்ள கிளைகளையாவது விடச் சொல்லுங்கள்.

அடுத்த தட்டுப் போடும் நாள் இம்மாதம் மூன்றாம் கிழமை என்று வேலைத்தளத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு முன் தங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒழுங்கைவாசிகள் சார்பில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்
(பெயர், முகவரி, 34 கையொப்பங்கள் இணைப்பில்)