எதிர்க்கடைக்கு நோட்டீஸ்

மதுரை

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் இருந்து விடு. அவர்களிடம் விட்டால் நான்காம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

எதிரே புதிதாக வந்த தையல் கடைக்காரர் ரவிக்கைக் கூலியைப் பாதியாகக் குறைத்து உன் வாடிக்கையாளர்களை இழுக்கிறார், "நீதான் வக்கீலுக்குப் படிக்கிறாயே, ஒரு நோட்டீஸ் விடு" என்று எழுதியிருந்தாய். வேடிக்கை என்னவென்றால், தீங்கியல் சட்ட (ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம், ஆங்கிலத்தில் 'டார்ட்') வகுப்பில் நாங்கள் முதலில் படித்தவற்றில் ஒன்று உன் வழக்குதான். 1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பள்ளி நடத்திவந்த ஆசிரியர்களுக்குப் போட்டியாக இன்னொருவர் பள்ளி திறந்தார். காலாண்டுக்கு 40 பென்ஸ் வாங்கியவர்கள் 12 பென்ஸுக்கு இறங்க வேண்டியதாயிற்று. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நட்டம் உண்மைதான், ஆனால் உங்கள் உரிமை எதுவும் மீறப்படவில்லையே என்று கைவிரித்துவிட்டது நீதிமன்றம். ஆக, கூலி விஷயத்தில் அறுநூறு வருடங்களுக்கு முன்பே நீ தோற்றுவிட்டாய்.

இதற்கு நேரெதிரான வழக்கும் உண்டு. 1703-ஆம் ஆண்டு வழக்கு, அதுவும் இங்கிலாந்தில்தான். ஆஷ்பி என்பவரை ஓட்டுப் போட விடாமல் தடுத்துவிட்டார் ஓர் அதிகாரி. ஆஷ்பி ஆதரித்த வேட்பாளர் எப்படியும் வென்றுவிட்டார். ஒரு காசு நட்டமில்லை. ஆனாலும் ஓட்டுரிமை மீறப்பட்டதே போதும் என்று ஆஷ்பிக்கு இழப்பீடு கிடைத்தது. நம் நாட்டிலும் பீம் சிங் என்ற ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ.வைச் சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் போலீசார் பிடித்து வைத்ததற்காக, 1985-இல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இந்தப் பாடத்துக்கென்று நம்மிடம் தனிச் சட்டநூல் கிடையாது. இப்படி ஒவ்வொருவர் வழக்காகத்தான் படித்துத் தேற வேண்டியிருக்கிறது. பரீட்சைக்கு இது பெரிய தொல்லை, எனக்கோ கதை கேட்கிற சுகம்.

ஒரு கதை மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. 1947 செப்டம்பரில் அமிர்தசரஸிலிருந்து மீரட்டுக்குத் தங்கமும் வெள்ளியும் விற்க வந்த வியாபாரி ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் போலீசார் பிடித்தார்கள். மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். பின்னால் வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தார்கள். தங்கத்தை மட்டும் அதற்குப் பொறுப்பாக இருந்த தலைமைக் காவலர் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். போலீசார் அலட்சியமாக இருந்தது உண்மை என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைக்கு உட்பட்ட வேலை, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை, ஆகவே அரசு பொறுப்பாகாது என்று முடித்துவிட்டது. சட்டத்தைத் திருத்தினால் நல்லது என்று நீதிபதிகளே வருத்தப்பட்டு எழுதினார்கள். வருத்தம் யாருக்கு வேண்டும்? நூறு தோலாவுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கும் அதிகமான தங்கம், பிரேமா! பின்னாளில் வந்த தீர்ப்புகள் இதன் பிடியை நிறையவே தளர்த்திவிட்டன என்று எங்கள் ஆசிரியர் சமாதானம் சொன்னார். அந்த வியாபாரிக்கு அதனால் என்ன?

சரி, உன் கடைக்கு வருகிறேன். கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: எதிர்க்கடையின் பெயரும் ஏறக்குறைய உன் கடைப் பெயர்தான், உன் பலகையைப் போலவே பச்சையில் மஞ்சள் எழுத்து என்று. இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்! கூலியைக் குறைப்பது போட்டி. உன் கடை என்று நம்பவைத்து ஆட்களை உள்ளே வரவழைப்பது தீங்கு. பெயரை நீ பதிவு செய்யாமல் இருந்தாலும் வழக்குப் போடலாம். ஆனால் உன் கடைக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கிறது, ஆட்கள் ஏமாறும்படி அவர்கள் நடந்துகொள்கிறார்கள், அதனால் உனக்கு நட்டம் என்று காட்ட வேண்டும். அந்தக் கடைக்காரரின் சொந்தப் பெயரே அதுவாக இருந்தால் சிக்கல்; விசாரித்து எழுது. இது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு, செலவும் அலைச்சலும் உண்டு. பலகையை மாற்றச் சொல்லி முதலில் ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம். நான் இன்னும் மாணவிதான், என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இங்கே ஒரு சீனியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அதற்குள் இரண்டு பலகைகளையும் படம் எடுத்து அனுப்பு. பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதே. உன் கடை என்று நினைத்து அங்கே துணி கொடுத்துவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பெயரையும் குறித்து வை.

அன்புடன்,
செல்வி