முதலில் போட்டோவைப் பார், பிறகு பென்சிலை எடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ போட்டோ பார்த்துக் கீறி அனுப்பின பென்சில் படங்கள் பார்த்தேன். ரொறன்ரோவில் ஆக்கள் தேடிவந்து ஓடர் தருகினம் என்றது சந்தோசம். உன்ர கையில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை நீ ஒப்புக்கொள்கிற போட்டோக்களில் இருக்கிறது. மங்கல் போட்டோவை வைத்துக்கொண்டு எவ்வளவு நுணுக்கமாகக் கீறினாலும் அது வேறு ஆரோ ஒருவரின் முகமாகத்தான் முடியும்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கித்தான் வந்து சேரும். இமை மயிரும் கண்ணுக்குள் இருக்கிற வெளிச்சப் புள்ளியும் முதலில் போய்விடும். அதையே 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல், அசல் அளவிலேயே வரும். புதிதாக எடுக்கிறதென்றால் ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தி, பிளாஷ் இல்லாமல், ஒன்றரை இரண்டு மீற்றர் தள்ளி நின்று 2 மடங்கு சூமில் எடுக்கட்டும். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்குப் பெருத்து, காது பின்னால் ஒடுங்கிப்போகும். நீ அதை அப்படியே கீறிக் கொடுத்தால் "அம்மா மாதிரி இல்லையே" என்பினம், ஆனால் ஏன் என்று அவைக்கும் சொல்லத் தெரியாது. நாய் பூனைக்குக் கமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்கவேணும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெரிசாகவும் கால் குச்சியாகவும் வரும்.

அங்கே உனக்குக் கூடுதலாக வரப்போகிறது தவறிப்போன ஆக்களின் படம். அந்தியேட்டியில் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு, ஆட்டைத் திவசத்துக்கு, வீட்டுச் சுவருக்கு என்று கேட்பினம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பத்தை விட்டுவந்த குடும்பங்களில் பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அதைப் போனால் படம் பிடித்து அனுப்ப விடாதே. மேலே ஒட்டின பிளாஸ்ரிக் பளபளத்து ஒரு கன்னத்தைத் தின்றுவிடும். ஸ்கானரில் 1200 டிபிஐயில் எடுக்கச் சொல். பெருவிரல் அளவுப் படத்தை வைத்து முகத்தை 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் பெருப்பிக்காதே. அதற்கு மேல் போனால் போட்டோவில் இல்லாததை நீதான் இட்டு நிரப்பவேண்டி வரும், அங்கேதான் சாயல் வழுக்கும். ஸ்ரூடியோ வெளிச்சம் நேரே முன்னால் விழுந்து முகத்தைத் தட்டையாக்கியிருந்தால், தவறினவவின் சகோதரிகள் ஆரும் யன்னலோரம் இருக்கிற படம் ஒன்று கேட்டு வாங்கு. மூக்கோரத்திலும் கன்னத்திலும் நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் அது. கண்ணையும் வாயையும் அதிலிருந்து எடுத்துவிடாதே. மச்சம் எந்தப் பக்கம், கண்ணாடி போடுவாவா, மூக்குத்தி வலமா இடமா என்று கீறமுன்னமே எழுத்தில் கேட்டு வை. சில ஸ்கான்கள் இடம் வலம் மாறியும் வரும்.

போட்டோவைத் தாளில் பெருப்பிக்கக் கட்டம் போடுகிற கணக்கு: 12 க்கு 18 சென்ரிமீற்றர் போட்டோப் பிரதியில் 1 சென்ரிமீற்றர் கட்டம், ஏ3 தாளில் 2 சென்ரிமீற்றர் கட்டம். படம் 24 க்கு 36 ஆக வரும், சுற்றிவர 3 சென்ரிமீற்றரளவு விளிம்பு மிஞ்சும், பிறேம்காரனுக்கு அது தேவை. கண்ணும் வாயும் விழுகிற கட்டங்களை மட்டும் இன்னும் நாலாகப் பிரி. கட்டக் கோட்டை நடுத்தரமான எச்பி பென்சிலால் தொட்டும் தொடாமலும் போடு. கடினமான 4எச் பென்சில் மெல்லிசாகத் தெரியும் என்று அதைப் பிடிக்காதே. அதன் கூர் தாளைக் குழியாக்கும், பிறகு கன்னத்துக்கு நிழல் போடும்போது கட்டம் முழுக்க வெள்ளைக் கோடாக எழும்பி நிற்கும்.

அதே குழியை வேணுமென்றே போட்டால் நல்ல உதவி. பூனை மீசை, தாடியில் நரை, சேலைச் சரிகை இதெல்லாவற்றையும், பென்சில் தொடமுன்னமே, மை முடிஞ்ச போல்பொயின்ற் பேனையால் அழுத்தி இழு. தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையக்கூடாது, அடியில் இரண்டு மூன்று தாள் வை. பிறகு மேலே பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நிழல் போட, கரி குழியைத் தாண்டிப் போகும். கூரான 6பி என்ற மெதுவான கறுப்புப் பென்சிலால் அதன்மேல் போனாயோ, உள்ளே இறங்கிவிடும். இழுத்த குழியை அழிக்க வழியில்லை, அதனால் விளிம்பில் ஒருக்கால் பழகிப் பார். திருநீற்றுக்கு இந்த வித்தை வேண்டாம், தாளை வெறுமையாக விட்டால் போதும். ஆனால் கோடு கீறினமாதிரி நேரான கரை வைக்காதே. நீறு காய்ந்து அங்கங்கே உதிர்ந்துதான் இருக்கும். குங்குமப் பொட்டை 8பியால் கறுப்பாக்கினால் பார்க்கிறவனின் கண் நெற்றியிலேயே நின்றுவிடும். சிவப்பைச் சாம்பல் நிறத்தில் பார்த்தால் நடுத்தரத்தைவிடச் சற்றுத்தான் கறுப்பு.

எங்கட நிறத்துக்குத் தாளின் வெள்ளையை 1 என்றும் உன்னால் முடிந்த கடும் கறுப்பை 10 என்றும் வைத்துக்கொள். கறுத்த தோலின் நடு நிறம் 5, 6 இல் நிற்கட்டும். நெற்றி மேடும் மூக்குத் தண்டும் 2, 3 வரை வெளிக்கட்டும், நிழல் 8. 10 ஐத் தலைமயிருக்கும் கண்மணிக்கும் மிச்சம் வை. "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்பினம். நடு நிறத்தை 3 ஆக்கினால் மூக்குத் தண்டின் வெளிச்சம் எங்கே போய் நிற்கும்? கன்ன எலும்பும் கரையும். செய்யமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லு. கண்ணின் வெள்ளையையும் வெள்ளையாக விடாதே. மேல் இமையின் நிழல் அதில் விழும். உண்மையான வெள்ளை அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளி மட்டும்தான்.

உன்ர நாய்ப் படத்தில் மயிர் கம்பி மாதிரி நிற்கிறதற்குக் காரணம், ஒவ்வொரு கீற்றும் ஒரே நீளம், இரண்டு நுனியும் மொட்டை. வேரில் அழுத்தி நுனியில் கையைத் தூக்கு. அதற்கு முன்னம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்று திட்டாக எச்பியில் போட்டு முடி. மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று பிரதியில் அம்புக்குறி போட்டுக்கொள். கிடுகு வேய்கிறவன் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போகிறதைப் போல, கழுத்தில் தொடங்கி மூக்கை நோக்கி வா. அப்பதான் முன் மயிர் பின் மயிரின்மேல் படியும். மூக்கை மயிர்க் கீற்றால் நிரப்பாதே, அது சின்னச் சின்ன வட்டம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண்மணி கிடையாக நீண்டிருக்கும், பூனைக்கு நெட்டாக. இங்கே மாட்டுவண்டிச் சவாரிக்காரர் கொம்பு வளைவு ஒரு நூல் தவறினாலும் தங்கட நாம்பன் மாடு இல்லை என்று சொல்லிவிடுவினம். கொம்பில் கரை இறுக்கமாக, அடியில் வளையம் வளையமாக வரட்டும்.

கறுப்பு நாய்க்கு 8பியை அழுத்தித் தேய்த்திருக்கிறாய், அதுதான் சரித்துப் பார்த்தால் பளபளக்கிறது. பென்சில்கரி தகடு தகடான பொருள். கேகாலைப் பக்கம் 'போகல' என்ற பென்சில்கரிச் சுரங்கத்துக் கட்டியைப் பார்த்தாலே அந்த மினுக்கம் தெரியும். அழுத்த அழுத்தத் தகடுகள் படிந்து கண்ணாடியாகும், தாளின் சொரசொரப்பும் போய் மேலே ஒன்றும் பிடிக்காது. 2பி, 4பி என்று மெல்லிய படையாக ஏற்று. மிகக் கறுத்த இடத்துக்குக் காபன் கலந்த பென்சில், ஸ்ரெட்லரின் லூமோகிராப் பிளாக் மாதிரி ஒன்று, வாங்கு. அதை முதலிலேயே போடவேணும், மினுங்கின கரியின்மேல் ஒட்டாது. விரலால் தேய்க்கவே வேண்டாம், எண்ணெய் பட்ட இடம் பிறகு திட்டாக நிற்கும்.

கரி உதிராமல் பிடித்துவைக்கிற பிக்சற்றிவ் ஸ்பிறேயை 30 சென்ரிமீற்றர் தள்ளி, மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காயவிட்டு அடி. இங்கே மாரியில் ஈரக்காற்றுக்கு அது வெள்ளையாகப் பூக்கும். உனக்கு அங்கே பனிக்காலம்தான் இடைஞ்சல், பூட்டின அறைக்குள் அடிக்காதே. அடித்தபிறகு அழிறப்பரால் வெளிச்சம் எடுக்க ஏலாது. தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிறே மலிவு என்று சொல்லுவினம், நாள்பட மஞ்சளாகும். பிறேமுக்குள் மவுன்ற் மட்டை வைக்கச் சொல், கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது.

விலையை மணித்தியாலத்துக்கு வைக்காதே, தலைக்கும் தாள் அளவுக்கும் வை. பாதி முற்பணம். வெறும் கோட்டுருவம் முடிந்ததும் ஒருக்கால் காட்டி ஒப்புதல் வாங்கினால், பிறகு காதை மாற்று, தாடையை மாற்று என்று வராது. போட்டோவை எடுத்தது தொழில்காரர் என்றால் அவரின் அனுமதியை ஓடர் தருகிறவரே எடுத்துத் தரட்டும். தபாலில் சுருட்டி அனுப்பாதே, மேலே வழுவழுப்பான கிளாசின் தாள் போட்டு, இரண்டு மட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கட்டு.

அம்மா தனியாக எழுதுவா.

அன்புடன்,
அப்பா