பாலிகிளினிக்கிலும் ஒரு மேட்ரன் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவச் செவிலியர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1976-இல் கெர்ட்ரூட் அலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனதையும், 2023-இல் கன்னியாகுமரி மாவட்டத்து இக்னேஷியஸ் டெலோஸ் ஃபுளோரா அதே பதவியை எட்டி, தமிழகத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போன முதல் பெண்ணானதையும் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை தோள்பட்டைச் சின்னங்களோடு நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் ராணுவ வார்டுகளில் கற்ற வித்தை, ஓய்வுபெற்ற எங்களைப் போன்ற கிழவர்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

நான் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவன். படையில் வலியை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் கிடையாது. காலையில் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போகிறவனை வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் என்று பார்க்கும் இடத்தில் இருபது வயதில் ஊறியவன், எழுபதிலும் மாறுவதில்லை. டாக்டர் நலம் விசாரித்தால் "நன்றாக இருக்கிறேன் சார்" என்பதுதான் முதலில் வாயில் வரும். ராணுவ மருத்துவமனை சிஸ்டர்களுக்கு இது அத்துப்படி. "வலிக்கிறதா?" என்று கேட்கவே மாட்டார்கள். "ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்? மாடிப்படி ஏறி எத்தனை நாள் ஆயிற்று?" என்பார்கள். பேச்சுவாக்கில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். பனிமலையில் காவல் இருந்தவனுக்கு உறைபனிக் காயம் ஆறிய பிறகும் கால்விரல்களில் உணர்ச்சி குறைந்தே இருக்கலாம். அதோடு சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் செருப்புக்குள் கிடக்கும் கல்கூடத் தெரியாது. புண் கண்ணில் படும்போது விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கும்.

எங்கள் பீரங்கிக்காரர்களுக்குக் காதுதான் போகும். அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். காலையில் ஒன்று, இரவில் அரை என்று சொன்ன மாத்திரையை வீட்டுக்கு வந்து காலையில் அரை, இரவில் ஒன்று என்று விழுங்குவோம். என் கூட்டாளி ஒருவரிடம் மேஜர் பதவியில் இருந்த ஒரு சிஸ்டர் நடந்துகொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்தக் காது கேட்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயசைவு தெரியும்படி முகத்துக்கு நேரே பேசினார். பிறகு மாத்திரைப் பட்டையை அவர் கையில் கொடுத்து, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அவர் தப்பாகச் சொன்னார். மறுபடியும் தப்பு. சரியாகச் சொல்லும்வரை அந்த அம்மாள் எழவில்லை. பின்னால் காத்திருந்த சுபேதார் சாப் ஒருவர் முணுமுணுக்க ஆரம்பித்தார். ஒரு பார்வையில் அடங்கிப்போனார்.

தூக்கத்தில் பழைய சண்டை திரும்பி வருகிறவனைத் தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி எழுப்ப வேண்டும் என்பது இன்னொன்று. தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவரை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஓர் இரவு அசட்டையாக இருந்தால் படுக்கைப் புண் வரும். வந்த புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். புனே அருகே கட்கியில் இத்தகைய வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-இலிருந்து இருக்கிறது. ஆனால் எல்லோரும் கட்கிக்குப் போய்விட முடியுமா? பெரும்பாலானோர் சொந்த ஊரில், மனைவியின் கையில்தான் இருக்கிறார்கள்.

இப்படிச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், நாங்கள் சொல்லும் இ.சி.எச்.எஸ்., தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய பில் பாக்கியைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. அந்தத் திட்டத்தில் நாங்கள் வெளிநோயாளிகளாகப் போகும் பாலிகிளினிக்குகளின் பணியாளர் பட்டியலைப் பாருங்கள். பொறுப்பு அதிகாரி, டாக்டர்கள், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லாம் உண்டு. செவிலியர் தரப்பில் இருப்பது நர்சிங் அசிஸ்டென்ட் பதவிதான். பெரிய ராணுவ மருத்துவமனையில் பிரின்சிபல் மேட்ரன், அதாவது தலைமைச் செவிலிய அதிகாரி, வார்டுக்குள் வந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அந்த இடம் பாலிகிளினிக்கில் காலி.

ஆள் இல்லாமல் இல்லை. ராணுவச் செவிலியர் பணியில் குறுகிய காலத்துக்குச் சேர்பவர்கள் அதிகம் போனால் 14 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்கள். பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவர்களைத் தனியார் மருத்துவமனைகள் கொத்திக்கொண்டு போகின்றன. (திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் ஒரு செவிலிய அதிகாரியையே வெளியேற்றினார்கள். அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. கையில் இருந்த திறமையைத் தூக்கி எறிவது நமக்குப் புதிதல்ல.)

சீருடை போட்ட சிஸ்டர்கள் எல்லோரும் கனிவின் வடிவம் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் எங்களை ஓட ஓட விரட்டியிருக்கிறார்கள். ராணுவத்தைப் பார்க்காத செவிலியர்களுக்கு இது வராது என்பதும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒருவரைத்தான் கேட்கிறேன். பெரிய பாலிகிளினிக்குகளிலாவது ஓய்வுபெற்ற ராணுவச் செவிலிய அதிகாரி ஒருவரைத் தலைமைச் செவிலியராக நியமிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லோருடைய கால்களையும் பார்ப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போய் மனைவிமாருக்குப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுப்பது, நர்சிங் அசிஸ்டென்ட்டுகளைப் பழக்குவது அவர் பொறுப்பாக இருக்கட்டும். டாக்டர் எழுதிய மருந்தில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்க் கேட்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்; அது இல்லாவிட்டால் இன்னொரு மேஜை போட்டதாகத்தான் ஆகும். செலவு அதிகம் என்பார்கள். ஒரு காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்த ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

முன்னாள் படைவீரர் நலத்துறை டில்லியில் இருக்கிறது. நான் அங்கே எழுதினால் மனுவுக்கு ஓர் எண் கிடைக்கும். பத்திரிகையில் வந்தால் யாராவது படிப்பார்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.