மீள்வாசகரின் பிரதியைக் கழிக்காதீர்கள்

திருகோணமலை மாவட்டப் பொது நூலகங்களின் நூலகர்களுக்கும் நூலகக் குழுக்களுக்கும்,

வணக்கம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் புது நூல்களைக் காட்சிக்கு வைக்கிறீர்கள், நல்லது. எங்கள் மடல் கணக்கெடுப்பில் கழிவுக்கு ஒதுக்கப்படும் பழைய நாவல்களைப் பற்றியது.

இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தும் திகதித் தாளில் சில வருடங்களாக முத்திரை விழவில்லையென்றால் அந்த நூலை யாரும் தொடவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். படித்த நாவலையே மறுபடி தேடி வரும் மீள்வாசகர் விஷயத்தில் அந்தக் கணக்குப் பிழையாகிவிடும். கதை தெரிந்தவருக்கு முழு நூலையும் இரவல் எடுக்க வேண்டியதில்லை. ஓர் அத்தியாயத்தை மேசையில் இருந்து படித்துவிட்டு, எடுத்த இறாக்கையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். இதற்கு வழி சுலபம்: "படித்த நூலை மேசையிலேயே விடுங்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். மூடும் நேரத்தில் திரும்ப அடுக்கும்போது திகதித் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வருடத்தில் எந்த நூல் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"புதுப் பதிப்பு வந்துவிட்டதே" என்பது கழிப்பதற்குச் சொல்லும் அடுத்த காரணம். முதல் வாசிப்பில் அடுத்து என்ன என்ற அவசரத்தில் கண் வரிகளைத் தாண்டி ஓடும். முடிவு தெரிந்தபின்தான் துப்பறியும் கதையின் கொலைகாரன் இரண்டாம் அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றது தெரியும். குடும்ப நாவலில் மாமி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதையை மாற்றியதும் அப்போதுதான் பிடிபடும். அந்த இடத்தை வாசகர் தேடுவது பக்க எண்ணைக் கொண்டல்ல. இடப்பக்கம், கீழே, பந்தி முடியும் இடம் என்று கண்தான் நினைவு வைத்திருக்கும். எழுத்தளவு மாறிய பதிப்பில் அது தப்பிவிடும். தொடர்கதையாக வந்த காலத்துச் சித்திரங்களும் பழைய முன்னுரையும் மறுபதிப்பில் சிலவேளை இராது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இங்கே அச்சான பல நாவல்களுக்கு மறுபதிப்பே இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்தில் சில கிடைக்கும். தேடி எடுக்க அது பெரிய உதவி, ஆறுதலாக இருந்து படிக்கத் தாள்தான் தோது.

"கிழிந்துவிட்டது" என்றால் அதற்கும் மருந்து உண்டு. செலோரேப் மட்டும் வேண்டாம். சில வருடத்தில் பிளாஸ்ரிக் உரிந்து விழும், பசை தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாக நிற்கும். ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடிபோல் வரும்வரை துழாவி, ஆறவிட்டு வடித்தெடுங்கள். பூச்சிக்கென்று மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கலப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, தாளையும் அரிக்கும். ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் மெல்லிய ஜப்பான் தாளைக் கையால் கிழித்து (கத்தரித்த ஓரம் தடித்துத் தெரியும்) பசையை மெல்லப் பூசி ஒட்டி, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து ஓரிரவு பாரத்தின் கீழ் விடுங்கள். பாரம் இல்லாவிட்டால் பக்கம் சுருங்கும். மிஞ்சிய பசை இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொட்டிவிடுங்கள்.

கடற்காற்றில் துருப்பிடித்த ஸ்ரேப்ளர் கம்பிகளை மழுங்கிய கத்தியால் நிமிர்த்திக் கழற்றி, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். இவையெல்லாம் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் வறண்ட மாதங்களுக்குரிய வேலை. வாடைக்காற்று மழைக்காலத்தில் பசை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினாலே ஆபத்து. மழைக்காலத்தில் கண்ணாடி அலுமாரியைப் பூட்டியே வைக்காமல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தி, மழை விட்ட நேரங்களில் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். நனைந்த நூலை வெயிலில் காயப்போட்டால் அட்டை வளைந்துவிடும்.

இனிக் கழிவுப் பட்டியலை ஒரு மாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு, யாரும் கேட்காதவற்றை மட்டும் கழியுங்கள். ஒட்டவும் தைக்கவும் ஆள் போதாதென்றால் வைகாசியில் சொல்லி அனுப்புங்கள். மாவும் தையல் நூலும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகர்கள் சிலர்