ஓம் என்று எழுதுமுன்

அன்புத் தங்கச்சிக்கு,

வெள்ளவத்தைச் சந்தையடியில் நீ போனில் காட்டிய மின்னஞ்சலைப் பாதிதான் வாசித்தேன். அதற்குள் உன் 100 ஆம் இலக்க பஸ் வந்துவிட்டது. தசை ஸ்டெம் செல் (தசையைப் புதுப்பிக்கும் மூலக் கலம்) ஆய்வுகூடம், வெளிநாடு, கலாநிதிப் பட்டம். “பெரிய பெயர் அக்கா, ஓம் என்று எழுதிவிடட்டா?” என்று மிதிபலகையில் நின்றுகொண்டு கேட்டாய். இதே கேள்வியோடு இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பதால், எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கொழும்பில் நான் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தபோது முதலில் என் கையில் தந்தது சி2சி12 கலங்கள். 1977 இல் சுண்டெலியின் தொடைத் தசையிலிருந்து எடுத்து வளர்த்த கலங்களின் வாரிசுகள் அவை. தட்டில் எழுபது வீதம் நிரம்புமுன்பே பிரித்து வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். நெருக்கமாகிவிட்டால் ஒன்றோடொன்று இணைந்து தசைக்குழாயாகிவிடும், பிறகு பெருகாது. இதை எனக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் வெசாக் விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த வாரத்தில் நான் பந்தல் பார்த்து, தன்சல் என்கிற இலவச உணவுச் சாலையில் வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், தனித்தனியாகச் சிதறிக் கிடந்த கலங்களைக் காணவில்லை. பன்பாயின் இழைகள் மாதிரி நீள நீளமாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. வடிவாகத்தான் இருந்தது. என் பரிசோதனைக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, எந்த இடத்தில் இணையத் தொடங்கியிருக்கிறது என்று என்னைக் கொண்டே காட்டவைத்தார். “படம் எடு. பிறகு எறி” என்றார். நான் படித்த பாடங்களில் இன்றுவரை மறக்காதது அந்த அரை மணித்தியாலம்தான்.

பிறகு பெரிய பெயருள்ள ஓரிடத்துக்குப் போனேன். பேராசிரியரை மூன்று கிழமைக்கு ஒரு தடவை காண்பதே அதிர்ஷ்டம். தசையை நொதியத்தில் கரைத்து, வடித்து, நிறமேற்றி, ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்தெடுக்கக் கற்றுத்தந்தது ஒரு தொழில்நுட்ப உதவியாளர். இரண்டு வருட வேலை கட்டுரையாக வந்தபோது என் பெயர் ஐந்தாவதாக இருந்தது. யார் பெயர் எத்தனையாவதாக வரும் என்று முதலிலேயே கேட்காதது என் பிழையும்தான்.

அதனால் ஓம் என்று எழுதுமுன் பேராசிரியரிடம் இல்லை, அங்கே இப்போது படிக்கிறவர்களிடம் கேள்: இங்கிருந்து போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கலம் செத்தால் யாரிடம் போவீர்கள்? இரண்டாவதற்கு ஒரு ஆளின் பெயர் சட்டென்று வர வேண்டும். யோசித்தார்கள் என்றால் நீயும் யோசி.

முதல் கேள்விக்குப் “பேராசிரியர் ஆனார்” என்ற பதிலையே எதிர்பார்க்காதே. இருக்கிற கதிரைகள் கொஞ்சம். என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி ஒரு கட்டடம் முழுவதற்கும் கலம் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறாள், இன்னொருவன் மருந்துப் பரிசோதனைகளை ஒழுங்குபடுத்துகிறான். மற்றவன் இறைச்சி வளர்க்கிறான். சிரிக்காதே. 2013 இல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய பேர்கர் மாட்டின் தசை ஸ்டெம் செல்களிலிருந்துதான் வந்தது. அதை வெள்ளிக்கிழமையில் சாப்பிடலாமா என்று வீட்டில் அம்மா கேட்டார், இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் விண்ணப்பத்தில் “தசை நோயைக் குணமாக்குவேன்” என்று எழுதியிருந்தாய், அதை வெட்டு. 1961 இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசை இழையின் ஓரத்தில் இந்தத் தசை ஸ்டெம் செல்லைக் கண்டார். முப்பது வருடம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தசை மெல்ல மெல்ல நலிந்துபோகும் டுஷென் நோயுள்ள பிள்ளைகளுக்குத் தசைக் கலங்களை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துபோயின. உடம்பில் சும்மா உறங்கிக் கிடக்கிற கலம், தட்டுக்கு வந்த சில நாட்களில் தன் ஸ்டெம் குணத்தை இழக்கிறது. அதை இழக்காமல் வைத்திருப்பதற்கே உன் முதல் வருடம் போகலாம்.

காசு விஷயம் சுருக்கமாக: கட்டணமும் மாதப் படியும் எழுத்தில் வராமல் காணியை ஈடு வைக்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கலாநிதிப் பட்டத்துக்குப் பிரித்தானியாவில் மூன்று நாலு வருடம், அமெரிக்காவில் ஐந்து ஆறு.

திரும்பி வருவதையும் கேட்டாய். நான் வந்தேன். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில், கலங்களை உறையவைத்திருக்கும் மைனஸ் எண்பது பாகைக் குளிரூட்டியின் கதவை யாரும் திறக்காமல் காவல் இருந்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் வரிசையில் நின்றது எங்கள் விரிவுரையாளர். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா, மின்னஞ்சலை முழுதாக வாசிப்போம். காலையில் கலம் பிரிக்கப் போகவேண்டும், பத்து மணிக்குப் பிறகு வா.

அன்புடன்,
அக்கா