ஐஸ்லாந்தில் கார் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் கார் சாவியைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் நீங்கள்தான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காற்றில் கதவைப் பறிகொடுத்து உங்கள் கவுண்டரில் வந்து நிற்பவர்களை உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

நான், தம்பி, அம்மா மூன்று பேரும் ரேக்யானெஸ் தீபகற்பத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். காலையில் க்ளைவார்வாட்ன் ஏரிக்கரை, அப்புறம் செல்தூன் என்ற வெந்நீர்ச் சேற்றுப் பகுதி. சாம்பல் நிறச் சேறு அடுப்பில் வைத்த கஞ்சி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. கந்தக நெடி தாங்காமல் அம்மா சால்வையை மூக்கில் வைத்துக்கொண்டார். அங்கே எங்களுக்கு ஒரு பயமும் இல்லை. எதில் கால் வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று மரப்பாதையும் கயிறும் எச்சரிக்கைப் பலகையும் சொல்லிவிட்டன.

மதியத்துக்குமேல் குன்னுவெர் போனோம். 20 மீட்டர் அகலச் சேற்றுக்குளம், அதிலிருந்து கிளம்பும் நீராவியைக் காற்று தரையோடு தரையாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தினேன். முன் சீட்டில் இருந்த அம்மா கைப்பிடியை இழுத்தார். அவ்வளவுதான், கதவு கையைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. முன்பக்கத் தகரத்தில் இடித்து மடங்கி நின்றது. கீல் வளைந்துபோனது. அம்மா வலது தோளைப் பிடித்தபடி சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். பாதி இழுத்த கையோடு கதவு போனதில் தோள் பிசகிக்கொண்டது.

கதவு திரும்ப மூடவில்லை. தம்பி அம்மாவின் சால்வையைக் கயிறு மாதிரி முறுக்கி, ஒரு நுனியைக் கதவின் கைப்பிடியிலும் மறு நுனியை சீட் பெல்ட் கொக்கியிலும் கட்டினான். அப்படியும் நாலு விரல் இடைவெளி. அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி வரும்போதெல்லாம் ஓரங்கட்டி வழிவிட்டுக்கொண்டு திரும்பினோம். அந்த இடைவெளி வழியாக ஊளையிட்டு வந்த குளிரில் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். பயணத்தில் என்னால் மறக்க முடியாதது அதுதான்.

உங்கள் ஊழியர் கதவைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் புரட்டினார், பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். காற்றினால் கதவுக்கு வரும் சேதம் காப்பீட்டில் சேராது. ஜல்லி தெறித்தால் ஒரு காப்பீடு, மணலும் எரிமலைச் சாம்பலும் அடித்தால் இன்னொன்று என்று அன்று காலை அதே கவுண்டரில் தனித்தனியாகப் பணம் கட்டியிருந்தோம். அவற்றைப் பொறுமையாக விளக்கியவர் கதவைப் பற்றி வாய் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டது நாங்கள்தான், படித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் பொடி எழுத்தில் பல பக்கங்களைக் கவுண்டரில் நின்று படிப்பார்களா? கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திற, வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்து. இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வழியில் மின்பலகை ஒன்றில் 17 என்ற எண்ணைப் பார்த்தேன். அது நொடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர் காற்று என்பது இரவு அறைக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது. சாலைப் பலகையில் வரும் 'மால்பிக் எண்டர்' என்றால் தார்ச்சாலை முடிகிறது என்று பொருள், அங்கிருந்து வேக வரம்பு 90 அல்ல, 80 என்பதையும் அப்போதுதான் படித்தேன். எஃப் எழுத்தில் தொடங்கும் மலைப்பாதைகளில் உங்கள் சின்ன காரை ஓட்டக் கூடாது என்று மட்டும் இரண்டு முறை சொன்னீர்கள். வண்டியைக் காக்கும் சொற்கள் எல்லாம் வந்துவிட்டன, வண்டிக்குள் இருப்பவர்களைக் காக்கும் சொற்கள் வரவில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மக்களைக் காப்பது எப்படி என்று உங்கள் நாட்டுக்குத் தெரியாததா? 2023 நவம்பர் 10 அன்று இரவு, எரிமலை வெடிப்பதற்கு முன்பே, அதே தீபகற்பத்தில் உள்ள கிரிண்டாவிக் ஊரில் ஏறக்குறைய 3,800 பேரையும் வெளியேற்றினீர்கள். அடுத்த ஜனவரியில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை எரிப்பதற்கு முன்பே, அங்கே திரும்பி வந்திருந்தவர்களையும் வெளியேற்றிவிட்டீர்கள். அந்தக் கறுத்த குழம்பைச் சாலையிலிருந்து பார்த்தபோது உங்கள் மக்கள்மீது பெரிய மரியாதை வந்தது. நிலத்துக்கு அடியில் நடப்பதைக் கவனித்து ஊரையே எழுப்பிவிடும் நாட்டில், கார் கதவைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதவுக்கு நாங்கள் கட்டிய தொகை மூவரும் தங்கிய அறை வாடகையை விட அதிகம். அதைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அம்மாவின் தோளும் இப்போது பரவாயில்லை. சரி, கேட்பதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுக்கும்போது காற்றைப் பற்றி வாயால் சொல்லுங்கள். பிற நாட்டுப் பயணிகளுக்கும் புரியும்படி ஒரு படத்தை உள்பக்கக் கைப்பிடிக்கு மேலேயே ஒட்டுங்கள். சாம்பலுக்கும் மணலுக்கும் காப்பீடு விற்கிற நீங்கள், காற்றையும் அதில் சேருங்கள். முடியாது என்றால், சேராது என்ற அந்த ஒரு வரியைக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர் மேலே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

படத்தை ஒட்டும் வேலையை மட்டுமாவது இந்தப் பனிக்காலத்துக்கு முன்பே முடித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒரு நாள் கார் எடுத்த பயணி