யூசொங் அயலாருக்கு நன்றி: கதவில் ஒட்டியது போக மீதி

தென் கொரியாவின் தேஜோன் நகரத்தில், யூசொங் வட்டாரத்தில், எங்களைச் சுற்றி வாழ்ந்த எல்லோருக்கும்,

வணக்கம். என் கணவரின் ஆய்வு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறோம். சொல்லாமல் கிளம்ப மனம் வரவில்லை. அதனால் கொரிய மொழியில் ஒரு நன்றித் தாள் எழுதி, எங்கள் கட்டட வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் நாலே வரிதான் இருக்கிறது. என் கொரிய மொழி அவ்வளவு தூரம்தான் போகும். மீதியைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் இங்கே கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1973-இல் தொடங்கிய தேதொக் ஆய்வு வளாகம் இருக்கிறது, அவற்றை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. நீங்கள் யார், என்ன செய்தீர்கள் என்று அவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

முதல் நன்றி செல்பேசிக் கடைத் தம்பிக்கு. ஏன் அவருக்கு முதலில் என்று கேட்பவர்கள் இன்னும் கொரியாவுக்கு வராதவர்களாக இருப்பார்கள்.

இந்த ஊரில் எல்லாம் கைப்பேசியில் நடக்கும். ராத்திரி படுக்கப் போகும்போது பாலும் முட்டையும் கேட்டால் விடியற்காலையில் வாசலில் இருக்கும். யாரும் எடுத்துப் போகவும் மாட்டார்கள். ஆனால் எதைத் தொட்டாலும் முதலில் ஒரு கேள்வி வரும்: நீ நீதானா? பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் மூன்றும் செல்பேசி நிறுவனத்தின் பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெரும்பாலும் மூன்றே அசையில் பெயர் வைக்கும் மக்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. என் பெயரோ அப்பா பெயரையும் சேர்த்துக்கொண்டு ரயில் மாதிரி நீளும். குடியிருப்பு அட்டையில் அது ஒரு மாதிரி இருந்தது. வங்கியில் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு இன்னொரு மாதிரி. செல்பேசி நிறுவனத்தில் இடைவெளியே இல்லாமல் வேறு மாதிரி. விளைவு, நான் நான் இல்லை என்று எல்லா இடத்திலும் தீர்ப்பாகிவிட்டது. பொருள் வாங்க முடியாது, மருத்துவரிடம் நேரம் குறிக்க முடியாது, நூலக அட்டைக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது.

அந்தத் தம்பி எங்களுக்கு எந்தப் போனும் விற்கவில்லை. நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போனை நீட்டியவர்கள். அவர் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, என் அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நடுவில் வந்த வேறு வாடிக்கையாளருக்குக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, எங்கெங்கே இடைவெளி விட வேண்டுமோ அங்கே சிவப்பில் சின்னக் கோடு போட்டு, என் போன் உறைக்கு உள்ளே செருகிக் கொடுத்தார். அப்புறம் எத்தனையோ திரைகளில் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் பெயரை அடித்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆள் தேவைப்படாமலேயே எல்லாம் ஓடும் ஊரில், வெளிநாட்டுக்காரர் வந்து நிற்பது ஆள் தேவைப்படும் இடத்தில். அந்த இடங்களில் யாராவது ஒருவர் தன் வேலையில் சேராத ஒன்றைச் செய்தால்தான் எங்கள் நாள் நகரும். எங்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் அப்படி ஒருவர் கிடைத்தார்.

மேல் மாடியில் இருக்கும் வீட்டுக்காரப் பாட்டிக்கு அடுத்த நன்றி. முதல் குளிர்காலத்தில் நாங்கள் சென்னைக்குக் கிளம்புவது தெரிந்து, கேட்காமலேயே உள்ளே வந்தார். கொதிகலன் சுவிட்சில் 'வெளியே போகிறோம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். முழுவதும் அணைத்துவிட்டுப் போனால் சனவரிக் குளிரில் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்பதைக் கைகளாலேயே நடித்துக் காட்டினார். வெடிக்கும் சத்தத்தை வாயால் எழுப்பியபோது என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவருக்கு இட்லிக் கடனும் இருக்கிறது. மாவு பொங்கவே பொங்காது என்று கைவிட்ட மாதங்கள் உண்டு. ஒருநாள் வாடகைக் கணக்கு பேச வந்தவர், அடுப்படியில் இருந்த மாவுப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என்ன புரிந்ததோ, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அறையின் ஒரு மூலையில் வைத்து, கையால் தரையைத் தட்டிக் காட்டினார். கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓடும், ஒண்டோல் என்பார்கள். எங்கள் வீட்டில் எந்த இடம் அதிகம் சுடும் என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பழைய போர்வை ஒன்றைச் சுற்றிவிட்டு, 'சொங்குக்ஜாங்' என்றார். அது வேகவைத்த சோயா பயறைப் புளிக்க வைத்துச் செய்வது; அவர் அம்மா காலத்தில் இதே மாதிரி சூடான தரையில் போர்வை போர்த்தித்தான் வைப்பார்களாம். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. முதல் ஈடு இட்லி அவர் வீட்டுக்குப் போனது. சட்னி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோயா சாஸில் தொட்டுச் சாப்பிட்டார். போகட்டும், இட்லியை அவரவர் விருப்பப்படி சாப்பிடலாம்.

யூசொங் சந்தைப் பாட்டி. இந்தச் சந்தை தேதி 4, 9 என்று முடியும் நாள்களில் கூடும். 4, 9, 14, 19 என்று ஐந்து நாளுக்கு ஒரு தடவை. பெரிய கடைகளைத் தாண்டிப் போனால் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, கூறு கட்டி வைத்துக்கொண்டு வரிசையாகப் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஊதா நிறத் தொப்பி போட்ட பாட்டி. முதல் கோடையில் அவர் கூறுகளுக்கு நடுவே முளைக்கீரை மாதிரி ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். கிள்ளிப் பார்த்தேன், தண்டை ஒடித்துப் பார்த்தேன், நம் கீரை இனமேதான். இங்கே 'பிரும்' என்கிறார்கள், வேகவைத்து நல்லெண்ணெயும் பூண்டும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நான் நாலு கூறு கேட்டதும் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கீரையை இளசுகள் வாங்குவதில்லை போல. அன்று ஐந்தாவது கூறு கொசுறாக வந்தது. அடுத்த சந்தையிலிருந்து எனக்கென்று ஒரு கட்டு தனியாக, ஈரத் துணி சுற்றி, அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நான் போகாத சந்தை நாளில் அதை என்ன செய்வார் என்று கேட்கத் தெரியவில்லை. அவர் பேசுவது சுங்சொங் வட்டார வழக்கு, இழுத்து இழுத்து நிதானமாக வரும். என் வகுப்பு ஆசிரியர் பேசும் கொரியனைவிட எனக்கு அதுதான் நன்றாகப் புரிந்தது.

பள்ளியின் சத்துணவு ஆசிரியைக்கு என் மகளின் சார்பிலும் நன்றி. அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு இலவசம். ஆனால் நாங்கள் முட்டையோடு நின்றுவிடுபவர்கள். மாதப் பட்டியலில் ஒவ்வோர் உணவின் பக்கத்திலும் சின்னச் சின்ன எண்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் போடுவது. அதை நாங்கள் சைவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். 10 என்றால் பன்றி, 15 கோழி, 16 மாட்டிறைச்சி. 9 இறால், 17 கணவாய். என் மகள் வாய்ப்பாட்டுக்கு முன் இதைத்தான் மனப்பாடம் செய்தாள். இதில் ஒரு சிக்கல், நெத்திலிக்கு அந்தப் பட்டியலில் எண் கிடையாது. கொரியச் சூப்பில் பாதி நெத்திலித் தண்ணீரில் கொதிப்பது. அதனால் அந்த ஆசிரியை சூப் வரும் நாள்களைப் பென்சிலால் சுழித்து, தாளை மகளின் பையில் வைத்து அனுப்புவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அதே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர். பள்ளி அறிவிப்புகள் செயலியில் நீள நீளமாக வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'நாளை நீர் விளையாட்டின் பொருட்டு மேலதிக ஆடை' என்ற தினுசில் ஏதோ கிடைக்கும். இவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, தேவையானதை மட்டும் வட்டமிட்டு, காகாவோ டாக் என்ற அரட்டைச் செயலியில் எனக்கு அனுப்பிவிடுவார். சுற்றுலா நாளில் எல்லாப் பிள்ளைகளும் கிம்பாப் கட்டிக்கொண்டு போவார்கள், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டியது. ஹாம் இல்லாமல், மீன் அப்பம் இல்லாமல், கீரையும் கேரட்டும் முட்டையும் ஊறுகாய் முள்ளங்கியும் மட்டும் வைத்து ஒரு சுருள் எங்கள் வீட்டுக்கு என்று அவர் தனியாகச் சுருட்டிக் கொடுத்தார். எனக்கும் சுருட்டக் கற்றுக்கொடுத்தார். நான் சுருட்டியது இன்றைக்கும் வெட்டும்போது பிரியும்.

மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த இரவைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. அவசர எண் 119-ஐ அழைத்தோம். மறுமுனையில் இருந்தவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதே அழைப்பில் இணைத்தார், மூன்று பேரும் பேசினோம். ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. வண்டியில் வந்தவர்களில் ஒருவர் மகளின் செருப்பைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மருத்துவமனையில் அவளைப் படுக்க வைத்த பிறகு மறக்காமல் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே ஜோடியாக வைத்துவிட்டுப் போனார். விடியற்காலையில் பணம் கட்டும் இயந்திரத்தின் முன் நான் திகைத்து நின்றபோது, காவலாளி ஐயா வந்து பக்கத்தில் நின்று ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினார். இவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது.

மருந்துக் கடை அம்மாவை 2020-இல் இருந்து தெரியும். அந்த வசந்தத்தில் முகக்கவசம் ஆளுக்கு வாரம் இரண்டுதான். பிறந்த வருடத்தின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்ன கிழமை இன்னாருக்கு என்று பிரித்திருந்தார்கள். சரக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கொரிய மொழியில் எழுதி ஒட்டியதன் கீழே, இந்தத் தெருவில் கொரியன் தெரியாதவர்கள் சிலர் இருக்கிறோம் என்பதற்காக, ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார். நன்றி மடலில் குறை சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு மே மாதம் நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் நிவாரணப் பணம் கொடுத்தபோது, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், கொரியக் குடும்பத்தில் மணம் முடித்தவர்கள் தவிர மற்ற வெளிநாட்டினரை விட்டுவிட்டார்கள். வரியும் காப்பீட்டுத் தொகையும் கட்டுகிறவர்கள்தான் நாங்களும். அரசு ஒரு கணக்குப் போட்டது, மருந்துக் கடை அம்மா வேறு கணக்குப் போட்டார். எனக்கு இரண்டும் நினைவிருக்கிறது.

கடைசியாக மன்னார்த் தம்பி. இலங்கையிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்கள் கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறினால்தான் விசா. ஆய்வாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, ஆய்வகம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். அதனால் முனைவர் பட்டம் வாங்கிய எங்கள் கூட்டத்தில் வாடகைச் சண்டை, குடிவரவு அலுவலகம், பழைய அலமாரியைக் கழிக்க எந்தக் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவது என்று எது வந்தாலும் எல்லோரும் தேடுவது வார்ப்படக் கூடத்தில் இரவு வேலை பார்க்கும் அவரைத்தான். இரவு வேலை முடித்து, தூங்காமல், நேராகக் குடிவரவு அலுவலகத்துக்கு வந்து நிற்பார். "அக்கா, நீங்கள் பேசாமல் இருங்கோ, நான் கதைக்கிறன்" என்பார். கதைத்து முடித்துவிடுவார். அவருடைய விசாவில் குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. மனைவியும் மகனும் மன்னாரில், இவர் இங்கே. நாங்கள் குடும்பத்தோடு வந்து, ஞாயிற்றுக்கிழமை யூசொங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் இலவசம். அவர் வந்து எங்கள் காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் தங்கும் அறைக்குத் திரும்புகிறார். இந்த நியாயம் எனக்கு எப்போதும் உறுத்தல்தான். தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள். குக்கர் உங்களுக்கு, பெரியதும் சின்னதும் இரண்டும். மறுக்கக் கூடாது.

கிரைண்டரை அடுத்த தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் மதுரைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். மாவுப் பாத்திரம் வைக்கும் மூலையைத் தேட அவர்கள் வீட்டுத் தரையையும் தட்டிப் பார்த்தாயிற்று. செல்பேசிக் கடைக்கு அந்த வீட்டுப் பெண்ணைப் போன வாரமே கூட்டிப் போனேன்; அவள் பெயர் என் பெயரைவிட நீளம், தம்பி பெருமூச்சு விட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

சந்தைப் பாட்டிக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வரும் 9-ஆம் தேதி என் இடத்தில் அவள் வருவாள். கீரைக் கட்டை அவளுக்குக் கொடுங்கள். பேரம் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஊர்ப் பக்கம் அது மரியாதைக் குறைவு இல்லை.

அன்புடனும் நன்றியுடனும்,
இரண்டாவது மாடித் தமிழ்க் குடும்பம்